நல்லதா ஒரு குப்பி

போன மாதம் ஒருநாள் ராத்திரி துபாயிலிருந்து என் மருமகன் கூப்பிட்டான். தங்கை மகன்.

"மாமா, வாற பதினஞ்சாம் தேதி லீவுல வாறேன். என் மாமனாருக்கு அறுவது தெகையுது. நல்லதா ஒரு விஸ்கி குப்பி வாங்கிட்டு வரலாம்னு பாக்கேன். எது வாங்கணும்?"

"எங்கிட்ட எதுக்குடே கேக்க? கடைக்காரன்ட்ட கேளு."

"கடையில முந்நூறு வகை இருக்கு மாமா. நீங்கதான எதைக் கேட்டாலும் சரித்திரத்தோட சொல்லுவிய."

அவன் கிண்டல் பண்ணினானா, பாராட்டினானா என்று தெரியவில்லை. நான் பெரிய குடிகாரன் இல்லை. ஒருநாளும் தொடாதவன் என்றும் சொல்லமாட்டேன். பத்து நிமிஷம் அவனிடம் பேசினேன். வைத்த பிறகுதான், சொல்லாமல் விட்டது நிறைய இருக்கிறதே என்று தோன்றியது. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

குப்பியைப் பரிசாகக் கொடுப்பது நம் நாஞ்சில் நாட்டில் பழைய வழக்கம் இல்லை. நம் தாத்தாமார் காலத்தில் ஒரு வீட்டுக்குப் போனால் மட்டிப்பழக் குலை கொண்டுபோவார்கள், தேங்காய் கொண்டுபோவார்கள், கருப்பட்டிச் சிப்பம் கொண்டுபோவார்கள். குடிக்கிற சாமானை யாரும் யாருக்கும் மரியாதைக்காகக் கொடுத்ததில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு சுடலைமாடசாமி. கொடை நாளில் மாடனுக்குப் படையலில் சுருட்டும் சாராயமும் வைப்பதுண்டு. ஆக, நம் ஊரில் முதன்முதலில் குப்பியைப் பரிசாக வாங்கியவர் மாடன்தான் என்று சொல்லலாம். அவருக்கு எது நல்ல சரக்கு என்று யாரும் யோசித்து வாங்கியதாகத் தெரியவில்லை.

மது நமக்குப் புதிதல்ல. அதன் தாய் பனை. பனையில் கலயம் கட்டும்போது உள்ளே சுண்ணாம்பு தடவினால் அக்கானி. தடவாமல் விட்டால் சில மணி நேரத்தில் புளித்துக் கள். அக்கானியைக் காய்ச்சினால் கருப்பட்டி, கள்ளை வாற்றினால் சாராயம். ஒரே மரம், ஒரே ஆள், ஒரே கலயம். ஒரு விரல் சுண்ணாம்புதான் வித்தியாசம். பிள்ளைக்குக் கொடுக்கிற பானத்துக்கும், பிள்ளையைப் பட்டினி போடுகிற பானத்துக்கும் நடுவில் அவ்வளவுதான் தூரம்.

அந்தப் பனையேறியிடம் திருவிதாங்கூர் அரசு வாங்கிய வரிகளை நினைத்தால் இன்றும் மனசு கசக்கும். மரத்துக்கு வரி ஒருபக்கம். ஏறுகிற ஏணிக்கு ஏணிக்காணம், காலில் மாட்டுகிற தளைக்குத் தளைக்காணம். கள்ளும் சாராயமும் அரசுக்கு வருமானம் என்பது டாஸ்மாக் காலத்தில் வந்த சங்கதி என்று பலர் நினைக்கிறார்கள். ராஜா காலத்திலேயே அது நன்றாக வேர்விட்டிருந்தது.

மறுபக்கத்தில் குடிக்கு எதிரான குரலும் நம் மண்ணில் பழையதுதான். 1806இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்ததில் தொடங்கி, மிஷன் சபைகள் குடியை ஒரு பாவமாகவே போதித்தன. நாகர்கோவிலில் கேதரின் பூத் ஆஸ்பத்திரி நடத்துகிற சால்வேஷன் ஆர்மியில் படைவீரராகச் சேருகிறவர் மதுவைத் தொடுவதில்லை என்று எழுத்திலேயே உறுதி கொடுக்க வேண்டும். ஆக, ஒரு தெருவில் கள்ளுக்கடை, அடுத்த தெருவில் குடி கூடாது என்கிற ஜெபக்கூட்டம். இப்படித்தான் நாம் வளர்ந்தோம்.

இனி என் தொழில் சம்பந்தப்பட்ட ஒரு கதை. முப்பது வருஷம் கல்லூரியில் வணிகவியல் நடத்தினேன். வருமான வரிப் பாடத்தில் மூலதனச் செலவு எது, வருவாய்ச் செலவு எது என்று பிரித்துக் காட்ட ஒரு வழக்கு வரும். திருவிதாங்கூர் சுகர்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் நிறுவனத்தின் வழக்கு. அதைப் படித்துக் காட்டும்போதெல்லாம் வகுப்பில் பையன்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஏனென்றால் அதில் வருகிற ஊர்கள் நம் ஊர்கள்.

1937இல் திருவிதாங்கூர் அரசு, சென்னை பாரி கம்பெனியோடு ஒரு ஒப்பந்தம் போட்டது. புதிதாக ஒரு நிறுவனம் தொடங்கி அது மூன்று சொத்துகளை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, தக்கலையில் இருந்த சர்க்கரை ஆலை. இரண்டு, நாகர்கோவிலில் இருந்த அரசு சாராய வடிசாலை. மூன்று, திருவனந்தபுரத்தில் இருந்த அரசு டிஞ்சர் தொழிற்சாலை. தக்கலை ஆலைக்கு விலை 3.25 லட்சம் ரூபாய். அதுபோக ஆண்டு நிகர லாபத்தில் 20 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய் வரை, அரசுக்குத் தரவேண்டும். வருஷா வருஷம் கொடுக்கிற இந்தத் தொகை சொத்து வாங்கிய விலையின் பாகமா, தொழில் நடத்துகிற செலவா என்பதுதான் கேள்வி. இரண்டு முறை உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு.

"சார், நம்ம நாகர்கோவில்லயா சாராய ஆலை இருந்தது?" என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு பையனாவது கேட்பான். இருந்தது, அதுவும் அரசாங்கத்து ஆலை. அந்த நிறுவனம் பிறகு திருவல்லா பக்கம் நிலைகொண்டு, கேரள அரசின் கைக்குப் போய், இன்று 'ஜவான்' ரம் தயாரிக்கிறது. கேரளத்துக் கடைகளில் வரிசையில் நின்று ஜவான் வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், அந்தக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் தக்கலையும் நாகர்கோவிலும் இருக்கின்றன என்று!

இனி மதுவிலக்கு. ராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் தொடங்கினார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி கொண்டுவந்தார். மதுவிலக்கு வந்தது, போனது, மறுபடி வந்தது, மறுபடி போனது. விற்பனை வரி மட்டும் போகவே இல்லை. ஓமந்தூரார் ஆட்சியில், 1948 அக்டோபர் 2 அன்று, சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தாய்த்தமிழகத்தோடு இணைந்தபோது, அந்த மதுவிலக்கு மாநிலத்துக்குள்தான் நாம் அடியெடுத்து வைத்தோம்.

அந்தக் கொள்கைக்கு நம் ஊர்க்காரர் ஒருவர் திரையில் துணை நின்றார். ஒழுகினசேரி கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். 1949இல் வந்த 'நல்லதம்பி' படத்துக்குக் கதை வசனம் அண்ணா. படம் முழுக்கச் சிரிக்க வைத்துக்கொண்டே குடியின் கேட்டைச் சொல்லும். குடிக்கிறவனைத் திட்டாமல் சிரிக்க வைத்துத் திருத்தப் பார்த்தது அவர் வழி.

ஆனால் மதுவிலக்கு ஒரு வேடிக்கையையும் செய்தது. சாமான் கிடைக்காமல் போனதும் அதற்கு மதிப்பு ஏறிவிட்டது. குப்பி பரிசுப் பொருளாக மாறியது அப்போதுதான் என்பது என் அபிப்பிராயம். உடம்புக்கு அவசியம் என்று டாக்டர் சீட்டு வாங்கி பெர்மிட் வைத்திருந்தவர்கள் ஊருக்கு ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். பெரிய மனுஷர்கள். அவர்கள் வீட்டு அலமாரியில் ஒரு வெளிநாட்டுக் குப்பி இருந்தால் அது வீட்டுக்கே ஒரு கௌரவம். 1967இல் கேரளம் மதுவிலக்கைக் கைவிட்டதும், களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கடை, இந்தப் பக்கம் வழக்கு என்று ஆயிற்று. பஸ்ஸில் பையைத் துழாவுகிற போலீஸை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது மிலிட்டரி ரம். நம் மாவட்டத்தில் பட்டாளத்துக்குப் போகாத ஊர் கிடையாது. லீவில் வருகிற பட்டாளத்து அண்ணாச்சி டிரங்குப் பெட்டியில் துணிமணிக்கு நடுவில் இரண்டு குப்பி ரம் வைத்துக் கொண்டுவருவார். ஒன்று மாமனாருக்கு. இன்னொன்று எதற்கு? பிள்ளையின் பள்ளிக்கூட சீட்டுக்கு, நிலத்துப் பட்டா மாற்றத்துக்கு, கரண்டு இணைப்புக்கு. காரியம் நடக்கக் கொடுக்கிற குப்பி அது. பரிசுக்கும் கைக்கூலிக்கும் நடுவில் உள்ள கோட்டை அந்த ரம் குப்பி பல வருஷம் அழித்துக்கொண்டே இருந்தது.

1971 ஆகஸ்ட் 30 அன்று கலைஞர் அரசு மதுவிலக்கைத் தள்ளிவைத்தது. வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள ராஜாஜி முதல்வர் வீட்டுக்கே போனார். 1974இல் மறுபடி மதுவிலக்கு. 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி கடை. 1983இல் மொத்த விற்பனைக்கு டாஸ்மாக். 1987 தொடக்கத்தில் கள்ளும் சாராயமும் நின்றன. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கே வந்தது. கவனித்தீர்களா? பனையிலிருந்து இறங்கியது தடை ஆயிற்று. ஆலையிலிருந்து குப்பியில் வந்தது நிலைத்தது.

அந்த நாட்களிலேயே வளைகுடாவும் வந்தது. 1970களின் கடைசியில் நம் பையன்கள் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினார்கள். திரும்பி வரும்போது டேப் ரிக்கார்டர், அத்தர், டைகர் பாம், கூடவே சதுரமான ஒரு குப்பி. ஜானி வாக்கர். ஸ்காட்லாந்தில் கில்மார்னக் என்ற ஊரில் 1820இல் ஜான் வாக்கர் திறந்தது ஒரு பலசரக்குக் கடை. பின்னால் வந்தவர்கள் 1860இல் குப்பியைச் சதுரமாக்கினார்கள். பெட்டியில் அடுக்கும்போது இடம் மிச்சம், உடைவதும் குறைவு. 1909இல் ரெட் லேபிள், பிளாக் லேபிள் என்று பெயர் வைத்தார்கள். கம்பைச் சுழற்றி நடக்கிற அந்தத் தொப்பிக்கார ஆசாமி நம் ஊர்க் கல்யாண வீடுகள் வரை நடந்து வந்துவிட்டார். காலியான குப்பிகூட வீணாகவில்லை. தண்ணீர் நிறைத்து ஃபிரிட்ஜில் வைப்பார்கள், மணி பிளான்ட் வளர்ப்பார்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அதில் நல்லெண்ணெய் இருந்தது.

இனி மருமகன் கேட்டதற்கு வருகிறேன். எது நல்ல குப்பி?

முதலில், விஸ்கி என்பது தானியத்திலிருந்து வருவது. ஸ்காட்ச் என்று எழுத வேண்டுமானால் ஸ்காட்லாந்தில் வடித்து, அங்கேயே ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 வருஷம் கிடக்க வேண்டும். 40 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹால் இருக்க வேண்டும். நம் நாட்டில் சாதாரணமாக விஸ்கி என்று விற்பதில் பெரும்பகுதி கரும்புச் சக்கைப்பாகிலிருந்து வடித்த சுத்த ஆல்கஹாலில் நிறமும் மணமும் சேர்த்தது. கொஞ்சம் மால்ட்டும் கலந்திருக்கும். ஐரோப்பாவில் அதை விஸ்கி என்று விற்க விடமாட்டார்கள். பிறப்பைப் பார்த்தால் அது ரம்முக்குத் தம்பி.

இரண்டாவது, லேபிளில் உள்ள வயது. 12 என்று போட்டிருந்தால், அதில் கலந்த விஸ்கிகளில் மிக இளையது 12 வருஷம் பீப்பாயில் இருந்தது என்று அர்த்தம். பிளாக் லேபிளும் சிவாஸ் ரீகலும் 12. ரெட் லேபிளுக்கு வயது கிடையாது, சோடா ஊற்றிக் குடிக்கச் செய்தது. ராணி எலிசபெத் முடிசூடிய 1953இல் வந்த ராயல் சல்யூட் 21 வருஷத்தில் தொடங்கும். ஆனால் ஒன்று. இந்த வயதெல்லாம் பீப்பாயில் ஏறியது. கண்ணாடிக் குப்பிக்குள் வந்த பிறகு விஸ்கிக்கு வயது ஏறாது. மகள் கல்யாணத்துக்கு வந்த 12 வருஷக் குப்பியை அலமாரியில் 20 வருஷம் பூட்டி வைத்துவிட்டு, இப்போது அது 32 என்று சொல்கிற நண்பர் ஒருவர் எனக்குண்டு. அது 12தான். வெயில் படாமல் நிமிர்த்தி வைத்திருந்தால் கெடாது, அவ்வளவே.

மூன்றாவது, பிளெண்டட் என்றால் பல ஆலைகளின் மால்ட்டும் மற்றத் தானிய விஸ்கியும் கலந்தது, சாந்தமாக இருக்கும். சிங்கிள் மால்ட் என்றால் ஒரே ஆலையில், முளைகட்டிய பார்லியில் மட்டும் செய்தது. கிளென்ஃபிடிக், கிளென்லிவெட் மாதிரியானவை பழம், தேன் வாசம் உள்ளவை, புதியவருக்கும் பிடிக்கும். ஐலா தீவின் லஃப்ரோய்க், லாகவுலின் போன்றவை பீட் புகையில் வாட்டிய பார்லியில் வந்தவை. சிலருக்கு அமிர்தம். பலருக்கு டிஞ்சர் அயோடின். விலை கூடுதல் என்பதற்காக அதை ஒருவருக்கு வாங்கிக் கொடுத்தால், திருவனந்தபுரம் டிஞ்சர் தொழிற்சாலையில் வாங்கினாயா என்று கேட்பார்.

நான்காவது, நம் நாட்டுச் சரக்கைக் குறைவாக நினைக்க வேண்டாம். பெங்களூரில் 1948இல் தொடங்கிய அம்ருத் நிறுவனம் தன் சிங்கிள் மால்ட்டை 2004இல் முதலில் விற்க வைத்தது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில். திருநெல்வேலிக்கே அல்வா! 2010இல் அதன் ஃபியூஷனை ஜிம் மரே என்ற விமர்சகர் உலகத்தின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்று எழுதினார். கோவாவில் பால் ஜான் இருக்கிறது. ஸ்காட்லாந்துக் குளிரில் பீப்பாயிலிருந்து வருஷத்துக்கு 2 சதவீதம் ஆவியாகும், அதை தேவதைகளின் பங்கு என்பார்கள். பெங்களூரில் 10 சதவீதத்துக்கு மேல் போகும். நம் தேவதைகளுக்குத் தாகம் அதிகம். ஆனால் அந்த வெக்கையில் சரக்கு சீக்கிரம் பக்குவப்பட்டுவிடும். அதனால் நம் மால்ட்டில் வருஷ எண்ணைத் தேட வேண்டாம்.

ஐந்தாவது, வாங்குகிற இடம். விமான நிலையத் தீர்வையில்லாக் கடையில் வாங்கினால் ஆளுக்கு 2 லிட்டர் வரை சுங்கம் இல்லாமல் கொண்டுவரலாம். பில்லைப் பத்திரமாக வைக்க வேண்டும். 'பாரின் சரக்கு, பாதி விலை' என்று யாராவது வீட்டு வாசலில் வந்து நீட்டினால் தொடாதீர்கள். பழைய குப்பியில் உள்ளூர்ச் சரக்கை நிறைத்து மூடி போடுகிறவர்கள் எக்காலத்திலும் உண்டு. காலிக் குப்பியைப் போடும்போது லேபிளைக் கிழித்துவிட்டுப் போடுவது நல்லது.

இவ்வளவும் மருமகனிடம் சொன்னேன். கடைசியில் ஒன்று சொன்னேன். அதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

1980களின் நடுவில் நான் வீடு கட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் ஒரு மேஸ்திரி, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பாதி வேலையில் என்னிடம் பணம் தீர்ந்துபோனது. அவர் கூலியைத் தள்ளி வாங்கிக்கொண்டு, சொன்ன தேதியில் பால்காய்ப்புக்கு வீட்டை முடித்துக் கொடுத்தார். வேட்டி சட்டை கொடுத்தேன். அது போதாது என்று எனக்குத் தோன்றியது. வளைகுடாவிலிருந்து வந்த மாணவன் ஒருவன் கொடுத்த குப்பி என்னிடம் இருந்தது. அதைக் காகிதத்தில் சுற்றி அவர் கையில் வைத்தேன்.

அவர் உடனே வாங்கவில்லை. "வேண்டாம் சார், வேற யாருக்காவது கொடுங்க" என்றார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்து, கையைப் பிடித்துத் திணித்தேன். நான் கொடுத்தது நல்ல சரக்கு, ஊரில் கிடைக்காதது என்ற பெருமை எனக்கு. அவர் குடியை விட்டு ஏழு வருஷம் ஆகியிருந்தது என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவருடைய சம்சாரம் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கையில் அந்தக் குப்பி. கழுவித் துடைத்திருந்தது. "மண்ணெண்ணெய் வாங்க ஒதவும் சார், வச்சுக்கிடுங்க" என்று திண்ணையில் வைத்தார்கள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மேஸ்திரி அதன்பிறகு வேலைக்கு ஒழுங்காகப் போகவில்லை. நாலு வருஷத்தில் போய்விட்டார். அந்த ஒரு குப்பிதான் காரணம் என்று சொல்லமுடியாது, எத்தனையோ காரணம் இருந்திருக்கும் என்று என் வீட்டுக்காரி சொல்லுவாள். இருக்கலாம். ஆனால் முதல் மூடியைத் திறக்கக் கொடுத்தது என் கை.

வகுப்பில் மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு என்று பிரித்துச் சொல்லிக்கொடுத்தவன் நான். அன்று நான் அவருக்குக் கொடுத்தது எந்தக் கணக்கில் வரும் என்று இன்றுவரை எழுதத் தெரியவில்லை.

ஆகவே நல்ல குப்பி எது என்பதற்கு என் விடை இது. லேபிளைப் பார்ப்பதற்கு முன்னால் ஆளைப் பார்க்க வேண்டும். குடிப்பவரா, எவ்வளவு, விட்டவரா, சுகர் இருக்கிறதா, ஈரலுக்கு மருந்து சாப்பிடுகிறாரா, இதையெல்லாம் அந்த வீட்டுப் பெண்ணிடம் கேட்க வேண்டும். அவருக்குக் கொடுக்கிற பரிசைச் சுமக்கப்போவது அந்தம்மா. வேண்டாம் என்று ஒருவர் ஒருமுறை சொன்னால் அது மரியாதைக்குச் சொன்னது என்று நாமே முடிவுகட்டக் கூடாது. இவ்வளவும் தாண்டினால் பிறகு 12 வருஷமா, சிங்கிள் மால்ட்டா, பெங்களூரா, ஸ்காட்லாந்தா என்பதெல்லாம் சின்ன விஷயம்.

"மொதல்ல ஒன் மாமியாருக்கு ஒரு போனப் போடுடே" என்று சொல்லித்தான் வைத்தேன்.

பதினாறாம் தேதி வந்தான். "கேட்டேன் மாமா. 'ஞாயித்துக்கெழம மட்டும் ரெண்டு பெக், டாக்டருக்கும் தெரியும். வாங்கிட்டு வாங்க, ஆனா எங்கையில தாங்க'ன்னாங்க." பன்னிரண்டு வருஷக் குப்பி ஒன்று வாங்கியிருந்தான். அறுபதாம் கல்யாணத்துக்கு மறுநாள் நானும் போயிருந்தேன். அந்தம்மா அலமாரியைத் திறந்து குப்பியை எடுத்து, இரண்டு அளவு ஊற்றிக் கொடுத்துவிட்டு, திரும்பவும் பூட்டி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்கள். சம்பந்தி சிரித்துக்கொண்டே குடித்தார்.

எனக்கு மருமகன் ஒரு பெட்டி பேரீச்சம்பழம் கொண்டுவந்திருந்தான். என் வீட்டுக்காரியிடம் கேட்டிருப்பான் போல.